எந்த டிரம்மில் எந்த விதை?

விளாத்திகுளம் கடைவீதியில் ஒரு தேநீர்க் கடையின் கல்லாவை ஒட்டி மாட்டியிருக்கும் பணம் செலுத்தும் அட்டை, வெயிலில் வெளிறி, ஒரு பக்கம் கறை படிந்து, ஓரம் பிய்ந்திருந்தாலும், கைபேசியைக் காட்டியவுடன் கடைக்காரரின் கணக்கைப் பிசகாமல் கண்டுபிடித்துவிடுகிறது. அதே ஊரில், அதே கைபேசியை மடியில் வைத்திருக்கும் மானாவாரி விவசாயி, வீட்டுப் பின்கட்டில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் டிரம்களில் எதில் இந்த வருட உளுந்து விதை, எதில் போன வருடம் மிஞ்சியது, எதில் சாப்பாட்டுக்கு ஒதுக்கியது என்று தெரியாமல் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, கையை விட்டு அள்ளி, முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கறை படிந்த சதுரம் எப்படிப் பிழையின்றிப் படிக்கப்படுகிறது என்பது ஒரு கேள்வி. அந்தச் சதுரத்தை டிரம்மின் மேல் ஒட்டுவதானால் அதற்குள் எதை எழுத வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வி கடினமானதாகவும் இரண்டாவது எளிதானதாகவும் தோன்றும். உண்மையில் பெரும்பாலோர் தவறுவது இரண்டாவதில்தான்.

குலுக்கைக்குத் தெரிந்திருந்த வரிசை

கரிசல் காட்டு வீடுகளில் பிளாஸ்டிக் டிரம் வருவதற்கு முன்பு தானியம் குலுக்கையில் இருந்தது. வைக்கோல் கலந்து குழைத்த மண்ணை வளையம் வளையமாக ஏற்றி, ஆள் உயரத்துக்கு எழுப்பிய இந்த மண்கலத்தில் தானியத்தை மேல்வாய் வழியாகக் கொட்டுவார்கள். எடுக்கும்போது அடியில் உள்ள துளையின் அடைப்பை நீக்கி வழியவிடுவார்கள். முதலில் போட்டது முதலில் வெளியே வரும். இன்றைய கிடங்கு மேலாளர்கள் பாடமாகப் படிக்கும் இந்த விதியைக் குலுக்கை தன் வடிவத்திலேயே வைத்திருந்ததால், எது பழையது எது புதியது என்று யாரும் எழுதி வைக்க வேண்டிய தேவை எழவில்லை.

டிரம்முக்கு ஒரே வாய்தான். மேலே கொட்டி மேலேயே அள்ளும்போது புதியது முதலில் செலவாகிறது, பழையது அடியில் தங்குகிறது, அந்த அடியில்தான் பயறு வண்டு குடியேறுகிறது. மண்கலத்தை விட்டு டிரம்முக்கு மாறியதில் எலித்தொல்லையும் ஈரமும் குறைந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் கலத்தின் வடிவம் இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வேலை, அதாவது வரிசையை நினைவில் வைத்திருக்கும் வேலை, வீட்டுக்காரரின் தலையில் ஏறிவிட்டது.

அந்த வேலை இந்த வட்டாரத்தில் சற்றுக் கடுமையானது. மானாவாரி நிலத்தில் உளுந்தும் பாசியும் பெரும்பாலும் தை மாதத்தை ஒட்டி வீட்டுக்கு வருகின்றன; அடுத்த விதைப்பு வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில்தான் நடக்கிறது. இடையில் எட்டு மாதங்களுக்கு மேல் விதை சும்மா கிடக்க வேண்டும், அதுவும் சித்திரை வெயிலைத் தாண்டி. மழை விழுந்த பின் கரிசல் மண்ணில் ஏர் இறங்குவதற்கும் விதைப்பதற்கும் கிடைக்கும் நாட்கள் சிலவே. மழையை எதிர்பார்த்து முன்கூட்டியே உலர்ந்த மண்ணில் விதைப்போருக்கோ, எந்த நாளில் இறங்குவது என்ற முடிவே பெரிய சூதாட்டம். அந்த நேரத்தில் டிரம் தேடி மூடி திறப்பது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை, விதைப்பு நாளே கையைவிட்டுப் போகக்கூடும்.

பார்வைக்கு ஒன்று, வயலில் வேறு

சோளத்தையும் கம்பையும் மாற்றி எடுக்க யாராலும் முடியாது. ஆனால் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட இரண்டு உளுந்து இரகங்களை அருகருகே கொட்டினால், பழகிய கண்ணும் தடுமாறும். குண்டு மிளகாயின் விதையையும் சம்பா மிளகாயின் விதையையும் பழத்திலிருந்து பிரித்தெடுத்த பிறகு இனம் காண்பது அதைவிடக் கடினம். நாற்று வளர்ந்து காய்க்கும்வரை உண்மை வெளிவராது. ஒரே இரகத்தில்கூட இந்த வருட விதையும் போன வருட விதையும் நிறத்தில் ஒத்திருந்து முளைப்பில் வேறுபடும். இந்த நூலில் இவற்றை 'விதைக்குவை' என்ற சொல்லால் குறிக்கலாம்: ஒரே இரகம், ஒரே நிலம், ஒரே அறுவடை, ஒரே நாளில் காயவைத்தது ஆகிய நான்கும் பொருந்தி வருகிற ஒரு தொகுதியே ஒரு விதைக்குவை. டிரம்மின் மேல் உள்ள குறி காப்பாற்ற வேண்டியது இந்தக் குவையின் அடையாளத்தைத்தான்; 'உளுந்து' என்ற பெயரை மட்டும் காப்பாற்றினால் பாதி வேலைகூட ஆகாது.

அர்த்தம் இல்லாத குறியின் வலிமை

பொருளின் மேல் குறியிடும் பழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' போன்ற ஆட்பெயர்கள் தமிழிப் பொறிப்பாகக் கீறப்பட்டிருக்கின்றன. பானை யாருடையது என்பதை அதன் உடம்பே சொல்லும். இது முதல் வகைக் குறி: படித்தவுடன் பொருள் விளங்கிவிடும், வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

இரண்டாம் வகைக்குச் சான்று சலவைத் துணி. சேங்கொட்டையின் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் சலவைத் தொழிலாளர்கள் இட்ட சிறு புள்ளியும் கோடும், சுண்ணாம்பு பட்டுக் கறுத்து, எத்தனை முறை வெளுத்தாலும் போகாமல் நிற்கும். அந்தக் குறியில் வீட்டுக்காரரின் பெயரும் இல்லை, தெருவும் இல்லை. எந்தக் குறி எந்த வீடு என்ற தொடர்பு முழுவதும் தொழிலாளியின் நினைவில் இருந்தது. வீட்டுக்காரர் தெரு மாறிப் போனாலும் துணியின் குறியை மாற்ற வேண்டியதில்லை, நினைவில் ஒரு திருத்தம் போதும். குறி சிறியதாக இருந்ததற்கும் காரணம் இதுவே: அது எதையும் விவரிக்கவில்லை, வேறுபடுத்தியது மட்டும்தான்.

மூன்றாவதாக நூலகம். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், நூலின் முதுகில் ஒட்டும் எண்ணே அந்த நூல் எதைப் பற்றியது என்பதைப் பகுதி பகுதியாகச் சொல்லிவிடும். அறிவுலகமே வியந்த ஏற்பாடு இது. ஆனாலும் டிரம்முக்கு இதைப் பின்பற்றுவது பொருந்தாது. வேளாண்மை நூல் ஒன்று அடுத்த ஆண்டு சமையல் நூலாக மாறுவதில்லை, ஆகவே அதன் முதுகில் பொருள் பொதிந்த எண் நிலைக்கும். டிரம்மோ தையில் உளுந்தையும், அது தீர்ந்ததும் கொத்தமல்லியையும், வீட்டில் கல்யாணம் வந்தால் அரிசியையும் ஏந்துகிறது. உள்ளிருப்பு மாறிக்கொண்டே இருக்கும் கலத்துக்குச் சலவைக் குறிதான் சரியான முன்னோடி.

பெட்டிகளுக்காகப் பிறந்த சதுரம்

தேநீர்க் கடையில் இன்று பணம் வாங்கும் அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம் முதலில் பணத்துக்காக உருவானதன்று. மளிகைப் பொருள்களின் மேல் உள்ள இணைகோட்டுப் பட்டைக்குறி 1974 ஜூன் 26-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பல்பொருள் அங்காடியில் முதன்முதலாக ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் மேல் படிக்கப்பட்டது. கடைக்கு அது போதுமானதாக இருந்தது. ஜப்பானில் டொயோட்டாவுக்கு உதிரிபாகம் செய்யும் டென்சோ நிறுவனத்தின் ஆலைகளில் அது போதவில்லை. பட்டைக்குறியில் ஏறத்தாழ இருபது எழுத்துகளே அடங்கும் என்பதால், உதிரிபாகப் பெட்டி ஒன்றின் மேல் பல குறிகளை ஒட்ட வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் ஒரே பெட்டிக்காகத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து சலித்தார்கள். மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் தலைமையில் 1994-இல் வெளிவந்த தீர்வே கியூஆர் கோடு. கோட்டுக்குப் பதில் கட்டங்கள், ஒரு திசைக்குப் பதில் இரண்டு திசைகள். இந்த அத்தியாயம் இனி அதைக் 'கட்டக்குறி' என்று அழைக்கும். காப்புரிமை இருந்தும் பயன்படுத்துவோரிடம் கட்டணம் கேட்பதில்லை என்று அந்நிறுவனம் முடிவெடுத்ததால்தான் அது உலகமெங்கும் பரவியது. 2017 முதல் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட மின்னணு குடும்ப அட்டையிலும் அதே கட்டக்குறி இருக்கிறது. நியாயவிலைக் கடைக்காரர் தன் கருவியில் அதைக் காட்டும்போது குடும்பத்தின் பதிவு திரையில் வருகிறது. அரிசிக் கணக்கு அட்டைக்குள் இல்லை. அட்டை சொல்வது எந்தக் குடும்பம் என்பதை மட்டுமே.

ஆக, பெட்டிகளின் மேல் ஒட்டுவதற்கென்றே பிறந்த ஒரு பொருள் முப்பது ஆண்டுகள் சுற்றிவிட்டு விளாத்திகுளத்துப் பின்கட்டில் மீண்டும் தன் பழைய வேலைக்கே வருகிறது.

சதுரத்தின் உடற்கூறு

கட்டக்குறிகளில் மிகச் சிறியது பக்கத்துக்கு 21 கட்டங்கள் கொண்டது. மொத்தம் 441 கட்டங்கள். மிகப் பெரியது பக்கத்துக்கு 177. இடையில் நான்கு நான்காகக் கூடிக்கொண்டே போகும் நாற்பது அளவுகள் உண்டு.

எந்த அளவானாலும் மூன்று மூலைகளில் சதுரத்துக்குள் சதுரமாக ஓர் உருவம் இருக்கும். இதை மூலைக்கண் எனலாம். அதன் நடுவழியே எந்தத் திசையில் ஒரு கோட்டை ஓட்டினாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்பவை ஒன்று, ஒன்று, மூன்று, ஒன்று, ஒன்று என்ற விகிதத்தில் வரும். இந்த விகிதத்தை ஹாராவின் குழு மனம் போனபடி தேர்ந்தெடுக்கவில்லை. துண்டறிக்கை, இதழ், அட்டைப்பெட்டி என அச்சான பொருள்களை எல்லாம் அலசி, எழுத்திலும் படத்திலும் மிக அரிதாக வரும் விகிதம் இதுவே என்று கண்டுபிடித்தார்கள். அதனால்தான் சுவரொட்டி நிறைந்த சுவரிலும் கைபேசியின் கண் கட்டக்குறியை உடனே பிரித்தறிகிறது. நான்காவது மூலையில் கண் இல்லாததால் தலைகீழாகவோ சாய்வாகவோ காட்டினாலும் எந்தப் பக்கம் மேல் என்பது புலப்படும். சதுரத்தைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெற்று ஓரம் விட வேண்டும் என்பதும் விதி. காகிதத்தை மிச்சம் பிடிக்க ஓரத்தை ஒட்ட நறுக்கிவிட்டு, ஸ்கேன் ஆகவில்லை என்று கைபேசியைக் குறைசொல்வோர் ஏராளம்.

441 கட்டங்களில் இந்த மூலைக்கண்களும் வழிகாட்டும் அமைப்புகளும் 233 கட்டங்களை எடுத்துக்கொள்கின்றன. செய்திக்கு மீதமிருப்பவை 208 மட்டுமே. அவற்றை எட்டு எட்டாகக் கட்டினால் 26 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் ஒரு பைட்டு, அதாவது 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணைத் தாங்கக்கூடிய அறை. இந்த 26 அறைகளும் செய்திக்கே என்று எண்ணினால், கறை படிந்த அட்டை ஏன் வேலை செய்கிறது என்பது விளங்காது.

நான்கும் ஏழும்

டிரம் ஒன்றின் எண் 47 என்று கொள்வோம். 4, 7 என்ற இரண்டு இலக்கங்களையும் அப்படியே எழுதி ஒட்டினால், 7-இன் மேல் செம்மண் தெறித்துவிட்டால் தகவல் போயிற்று. அதற்குப் பதிலாக, 4-இலிருந்து 7-க்கு மூன்று படி ஏறுகிறது என்பதைக் கவனித்து, அதே ஏற்றத்தில் மேலும் மூன்று எண்களைச் சேர்த்து 4, 7, 10, 13, 16 என்று ஐந்தாக எழுதலாம். செய்தி முதல் இரண்டு எண்களில்தான் இருக்கிறது. பின் மூன்றும் காவல் எண்கள்.

இப்போது இரண்டாம், நான்காம் எண்களை மண் மறைத்துவிட்டது என்றால், 4, மறைவு, 10, மறைவு, 16 என்று தெரியும். சீரான ஏற்றம் என்ற விதி தெரிந்தவர் மறைந்தவற்றை 7, 13 என்று நிரப்பிவிடுவார். மூன்று எண்கள் மறைந்தாலும் எஞ்சிய இரண்டைக் கொண்டு முழு வரிசையையும் மீட்க முடியும்.

இதைவிடச் சிக்கலான நிலை ஒன்று உண்டு. எண் மறையாமல், வேறொன்றாக மாறித் தெரிகிறது. 7-இன் இடத்தில் 1 நிற்கிறது. வரிசை 4, 1, 10, 13, 16. எது பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் 4, 10, 13, 16 ஆகிய நான்கும் ஒரே ஏற்றத்தில் பொருந்துகின்றன, 1 மட்டும் ஒட்டவில்லை. ஆகவே பொய்யன் அதுவே, இருந்திருக்க வேண்டியது 7. அப்படியானால் இரண்டு எண்கள் பொய்யானால்? 4, 7, 10, 18, 26 என்ற வரிசையைப் பார்க்க வேண்டும். முதல் மூன்று எண்கள் மூன்று மூன்றாக ஏறுகின்றன. கடைசி மூன்றும் எட்டு எட்டாக ஏறுகின்றன. இரு தரப்புக்கும் மும்மூன்று சாட்சிகள் சமமாக இருப்பதால் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. மூன்று காவல் எண்களால் மூன்று மறைவுகளை நிரப்ப முடிகிறது, இடம் தெரியாத பொய்யில் ஒன்றைத்தான் உறுதியாகத் திருத்த முடிகிறது. பொதுவாக, எந்த இடத்தில் தவறு என்று தெரியாதபோது காவல் எண்களில் பாதியளவு தவறுகளையே திருத்தலாம்.

இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கர்கள் 1960-இல் வெளியிட்ட பிழைதிருத்த முறையின் உள்ளீடு இவ்வளவுதான். அவர்கள் நேர்கோட்டு ஏற்றத்துக்குப் பதில் வளைகோடுகளைப் பயன்படுத்தினார்கள், எண்கள் 255-ஐத் தாண்டி ஓடிவிடாமல் ஓர் அளவுக்குள்ளேயே சுற்றிவரும் தனிக் கணக்கைக் கையாண்டார்கள். கீறல் விழுந்த இசைவட்டு தொடர்ந்து பாடியதும் இதே முறையால்தான். கட்டக்குறியில் காவலின் அளவை நான்கு படிகளில் தேர்ந்தெடுக்கலாம். உச்சப் படியைத் தேர்ந்தெடுத்தால், மிகச் சிறிய சதுரத்தின் 26 அறைகளில் செய்திக்கு 9, காவலுக்கு 17. எட்டு அறைகள் வரை எங்கே கெட்டாலும் திருத்தப்படும், அதாவது சுமார் 30 விழுக்காடு. தேநீர்க் கறைக்குப் பின்னால் தெரியாதவற்றைக் கைபேசி ஊகிப்பதில்லை, எஞ்சியவற்றைக் கொண்டு கணக்கிட்டு எழுதிக்கொள்கிறது.

இந்தக் காவல் மூலைக்கண்களுக்குப் பொருந்தாது என்பதை மறக்கலாகாது. நடுவில் விரல் அகலத்துக்குக் கறை இருந்தால் குறி பிழைத்துக்கொள்ளும். மூலைக்கண் ஒன்று கிழிந்து போனால், உள்ளே செய்தி முழுதாக இருந்தும் கருவியால் சதுரத்தையே கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

பெயரை எழுதினால் என்ன ஆகும்?

விவரம் தெரிந்த இளைஞர் ஒருவர் வீட்டு டிரம்களுக்குக் கட்டக்குறி அச்சடிக்க உட்கார்ந்தால், 'உளுந்து வம்பன் 8' என்று உள்ளே எழுதத்தான் முதலில் கை போகும். அதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணினி தமிழைச் சேமிக்கும் யூனிகோடு முறையில், 'ளு' என்பது ளகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு அலகுகள். புள்ளி வைத்த மெய்யும் அவ்வாறே இரண்டு. இப்படி எண்ணினால் 'உளுந்து' ஏழு அலகு, 'வம்பன்' ஆறு அலகு. ஒவ்வொரு தமிழ் அலகும் மூன்று பைட்டு எடுக்கும் என்பதால் 39. இரண்டு இடைவெளிக்கும் 8 என்ற இலக்கத்துக்கும் மூன்று. ஆக 42 பைட்டு.

உச்சக் காவலுடன் மிகச் சிறிய சதுரத்தில், செய்தியின் வகையையும் நீளத்தையும் குறிக்கும் இடம் போக, ஏழு பைட்டுக்கு மேல் எழுத்து ஏறாது. 42 பைட்டைத் தாங்க ஐந்தாவது அளவுக்குப் போக வேண்டும்: பக்கத்துக்கு 37 கட்டங்கள், மொத்தம் 1369. மாறாக 0047 என்று நான்கு இலக்கம் மட்டும் எழுதினால் 21 கட்டச் சதுரமே ஏராளம். உச்சக் காவலிலும் அது 17 இலக்கங்களைத் தாங்கும்.

இரண்டையும் மூன்று செ.மீ. ஸ்டிக்கரில் அச்சடிப்பதாக வைத்துக்கொள்வோம். வெற்று ஓரத்தையும் சேர்த்தால் எண் மட்டும் உள்ள குறியில் ஒரு கட்டத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்; பெயர் உள்ள குறியில் ஏறத்தாழ 0.67 மில்லிமீட்டர். கண்ணாடி மேசையில் இரண்டும் படிக்கும். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி படிந்து, பின்கட்டின் அரை இருட்டில், வளைந்த டிரம்மின் மேல் இருக்கும்போதோ, கட்டம் பெரியதாக உள்ள குறிதான் முதல் பார்வையிலேயே பிடிபடும்.

இடச் சிக்கனம் இரண்டாம் பட்சக் காரணமே. அடுத்த பருவத்தில் டிரம்மில் கொத்தமல்லி விழுந்தவுடன் 'உளுந்து வம்பன் 8' என்பது பொய்யாகிவிடும், அந்தப் பொய்யைக் கைபேசி மிகத் துல்லியமாகப் படித்துக் காட்டும் என்பதே முதன்மையான காரணம். பிழைதிருத்தம் மண்ணையும் கிழிசலையும்தான் திருத்தும். காலாவதியான உண்மையைத் திருத்தும் கணக்கு எதுவும் அதனிடம் இல்லை.

வலைத்தள முகவரியைக் குறிக்குள் வைக்கும் இலவசச் சேவைகள் பல உண்டு. ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் திறந்து படமும் விவரமும் காட்டும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். சேவை நடத்துபவர் கடையை மூடிய நாளில் வீட்டிலுள்ள எல்லா டிரம்களும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும் என்பதால், எட்டு மாதம் விதை காக்க வேண்டிய வீட்டுக்கு அது ஏற்றதன்று. எண்ணைக் குறிக்குள் வைத்து, அதே எண்ணைக் குறியின் கீழே கண்ணால் படிக்கும்படி பெரிய எழுத்திலும் அச்சடித்துவிட்டால், கைபேசியே இல்லாத பாட்டியும் நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ள முடியும்.

பேரேடு

எண் எதையும் சொல்லாது என்றால் சொல்லும் பொறுப்பு வேறொன்றுக்கு உண்டு. சலவைத் தொழிலாளியின் நினைவுக்கு ஈடான அதைப் பேரேடு எனலாம். கைபேசியில் ஒரு விரிதாளாகவும் இருக்கலாம், நாற்பது பக்க நோட்டாகவும் இருக்கலாம். ஸ்கேன் செய்வதால் கிடைக்கும் லாபம், எண்ணைத் தட்டச்சு செய்யும்போது 47-ஐ 74 ஆக்கிவிடும் தவறு நிகழாது என்பதும், நாற்பது வரிகளில் தேடாமல் உரிய வரி உடனே வரும் என்பதும்தான். பேரேடு காலியாக இருந்தால் ஸ்கேன் காலியைத்தான் காட்டும்.

அதில் டிரம்முக்கு ஒரு வரி என்று வைப்பது பொதுவான தவறு. விதைக்குவைக்கு ஒரு வரி என்று வைக்க வேண்டும்: எந்த டிரம், எந்த நாளில் உள்ளே போனது, எந்த நாளில் தீர்ந்தது, இரகம், எந்தக் காட்டில் விளைந்தது, கடைசியாக வெயிலில் உலர்த்திய நாள், முளைப்புச் சோதனை. தீர்ந்த நாள் எழுதப்படாத வரி எதுவோ, அதுவே இப்போது டிரம்மில் இருப்பது. பழைய வரியை அழிக்காமல் விட்டால், குலுக்கையின் அடித்துளை முன்பு காட்டிய வரிசை இங்கே எழுத்தில் கிடைக்கிறது; எது முந்தியது என்பதைத் தேதி சொல்லும். ஒரே குவை இரண்டு டிரம்களில் பிரிந்தால் இரண்டு வரி. இரண்டு குவைகளை ஒரே டிரம்மில் கொட்டுவதை மட்டும் எந்தப் பேரேடும் சீராக்க முடியாது, கலந்தது கலந்ததுதான்.

முளைப்புச் சோதனைக்குக் கருவி தேவையில்லை. நூறு விதையை எண்ணி, நனைத்த சாக்கில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, ஈரம் காயாமல் ஒரு வாரம் வைத்துப் பிரித்தால் உளுந்தில் எத்தனை முளைத்தது என்பது நேரடியாக விழுக்காடாகவே கிடைக்கும். மிளகாய்க்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். சான்று விதைக்கான இந்தியத் தரம் உளுந்துக்குக் குறைந்தது 75, மிளகாய்க்கு 60. ஆவணியில் ஒரு முறை இதைச் செய்து பேரேட்டில் எழுதியவர், மழை விழுந்த அன்று எந்த டிரம்மைத் தூக்குவது என்று யோசிக்க மாட்டார்.

ஒட்டும் இடமும் ஒட்டும் தாளும்

ஸ்டிக்கரை மூடியில் ஒட்டலாகாது. டிரம்களின் மூடிகள் ஒரே அளவில் வருவதால், இரண்டைத் திறந்து வைத்து ஒன்றை மாற்றி மூடிவிட்டால் இரண்டு டிரம்களின் அடையாளமும் ஒரே நொடியில் இடம்மாறிவிடும், அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். உடம்பில், முழங்கை உயரத்தில், வளைவு குறைவான இடத்தில் ஒட்டுவதே சரி. அதே எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளேயும் போட்டுவைப்பது பழைய முறையே ஆனாலும், வெளியே உள்ளதை எலியோ குழந்தையோ கிழித்துவிட்டால் கைகொடுப்பது அதுதான்.

தாள் வகை முக்கியம். கடை பில் அடிக்கும் கருவியில் எடுக்கும் ஸ்டிக்கரில் மை கிடையாது. தாளின் மேல் பூசிய வேதிப்பொருள் சூடுபட்டுக் கறுக்கிறது. அதே வேதிப்பொருள் எண்ணெய்க் கை பட்டாலும் தொடர்ந்து வெயில் பட்டாலும் வெளிறும், பின்கட்டுத் தகரக் கூரையின் வெக்கையில் மங்கும். நீரில் கரையும் மையால் அச்சிடும் கருவி ஈரத்துக்குத் தாங்காது. லேசர் அச்சில் கரிப்பொடியும் நெகிழியும் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்வதால் அது நிலைக்கிறது. மேலே அகலமான பளபளப்பற்ற டேப் ஒன்றை ஒட்டிவிட்டால் புழுதியைத் துணியால் துடைக்கலாம். பளபளக்கும் டேப் டார்ச் வெளிச்சத்தைத் திருப்பியடித்துக் கட்டங்களை மறைக்கும்.

துவரைக்குச் செம்மண் கட்டும் நாளில் டிரம்களைச் சற்றுத் தள்ளி நிறுத்துவது நல்லது. செம்மண் குழம்பு தெறித்துக் காய்ந்த ஸ்டிக்கரில் வெள்ளைக் கட்டங்கள் பழுப்பாகும். கருவி பார்ப்பது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான், பழுப்பு கறுப்பை நெருங்க நெருங்கக் காவல் எண்களின் வேலை கூடிக்கொண்டே போகும்.

கடையில் வாங்கிய பை

வீட்டு விதையோடு கடையில் வாங்கிய பையும் பின்கட்டுக்கு வரும். அந்தப் பை ஏற்கெனவே அட்டை அணிந்திருக்கும்: வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். அதில் குவை எண்ணும் சோதனை நாளும் இருக்கும். சான்றின் செல்லுபடி சோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம். மாசியில் சோதிக்கப்பட்ட உளுந்து ஐப்பசியைத் தாண்டும்போது அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்திருக்கும், மழை பொய்த்து அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனால் முழுவதும் முடிந்திருக்கும். 2023 ஏப்ரலில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் தொடங்கிய 'சாத்தி' என்னும் விதைத் தடமறி ஏற்பாட்டில் விதைப் பைகளின் மேலும் கட்டக்குறி இடம்பெறுகிறது. விதை எங்கே உற்பத்தியாகி எவ்வழியாக வந்தது என்பதைப் பின்தொடர்வது அதன் நோக்கம். அந்தக் குறி பையின் வரலாற்றைச் சொல்லும், பை பிரிக்கப்பட்ட பின் விதை எந்த டிரம்முக்குப் போனது என்பதைச் சொல்லாது. பையின் அட்டையைக் கிழித்து எறியாமல் ஒரு படம் எடுத்து, பேரேட்டில் வீட்டு எண்ணுக்கு எதிரே அட்டையின் குவை எண்ணையும் எழுதிக்கொண்டால் இரண்டும் இணைந்துவிடும்.

அப்படி எழுதும்போது இன்னொரு பத்தியும் தேவை: மருந்து கலந்த விதையா, இல்லையா. பூஞ்சைக்கொல்லி கலந்த விதைக்கு எச்சரிக்கையாகச் சிவப்போ நீலமோ சாயம் பூசியே விற்கிறார்கள். ஆனால் வீட்டிலேயே விதைநேர்த்தி செய்தால் சாயம் இருக்காது, உளுந்தின் கறுப்பில் எதுவும் தெரியவும் செய்யாது. சாக்கில் வைத்த நூறில் அறுபதுதான் முளைத்தது என்றால், மருந்து படாத குவை விதையாக ஆகாவிட்டாலும் ஊறவைத்து இட்லிக்கு ஆட்டிக்கொள்ளலாம். மருந்து பட்ட குவையை அடுக்களைக்கோ மாட்டுத் தொட்டிக்கோ அனுப்பக் கூடாது. அதை அதிக விதையளவில் விதைத்துத் தீர்க்கலாம், முடியாவிட்டால் ஆழமாகப் புதைக்க வேண்டும். காலியான டிரம்மையும் அதற்குப் பின் தானியத்துக்குப் பயன்படுத்தாமல், அதன் எண்ணைப் பேரேட்டில் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டும்.